அலர்ட் எல்லாம் இன்சிடென்ட் அல்ல: இரண்டாம் முறை தேறிய ஐடிஐஎல் 4 ஃபவுண்டேஷன்

ஐடி சேவைகளை நிர்வகிக்கும் நடைமுறைகளின் தொகுப்பான ஐடிஐஎல்-இன் அடிப்படைத் தேர்வில், மூன்று மாதங்களுக்கு முன் 40-க்கு 24 மதிப்பெண் எடுத்துத் தவறவிட்டேன்; நேற்று 35 எடுத்துத் தேறினேன். தேவையான 26-க்கு இரண்டு குறைந்தது வலித்தது; நான் அன்றாடம் கையாளும் அலர்ட்டுகளைச் சுற்றிய வரையறைக் கேள்விகளிலேயே சறுக்கியது அதைவிட வலித்தது.

கண்காணிப்புக் கருவி அனுப்பும் ஒவ்வொரு அலர்ட்டும் தானாகவே இன்சிடென்ட் டிக்கெட்டாகப் பதிவாகும் இடத்தில் நான்கு ஆண்டுகள் இரவுப்பணி பார்த்தவன் நான். ஆகவே 'வட்டு 80 சதவீதம் நிரம்பியது' என்றாலும் என் மனம் இன்சிடென்ட் என்றே படித்தது. சேவையை நிர்வகிப்பதில் பொருட்படுத்த வேண்டிய எந்த நிலைமாற்றமும் ஈவென்ட். சேவை எதிர்பாராமல் தடைப்பட்டாலோ அதன் தரம் குறைந்தாலோதான் இன்சிடென்ட்.

பாடத்திட்டம் ஈவென்டின் வரையறையைத்தான் கேட்கிறது என்றாலும், புத்தகத்திலுள்ள மூவகைப் பிரிப்பே எனக்குத் தெளிவைத் தந்தது. இரவு நகலெடுப்பு (பேக்கப்) முடிந்தது என்ற செய்தி வெறும் தகவல். உடனே செய்ய ஒன்றுமில்லை. வட்டு நிரம்பி வருவது எச்சரிக்கை. பாதிப்புக்கு முன்பே செயல்பட அவகாசம் உண்டு. நகலெடுப்பு தோற்றது விதிவிலக்கு. பயனர் எவருக்கும் இன்னும் பாதிப்பில்லாவிட்டாலும் நடவடிக்கை கட்டாயம். இந்த மூன்றாவதைத்தான் நான் நெடுங்காலம் இன்சிடென்டோடு குழப்பிக்கொண்டிருந்தேன்.

ஐடிஐஎல்-இன் பழைய 2011 பதிப்புக் குறிப்புகளை வைத்திருப்போர் கவனியுங்கள். ஒரே தரவை நகலாக வைத்திருக்கும் இணை வட்டுகளில் ஒன்று பழுதாகி, சேவை இன்னும் பாதிக்கப்படாத நிலையையும் அந்தப் பதிப்பு இன்சிடென்ட் என்றது. 2019-இல் வந்த ஐடிஐஎல் 4 வரையறையில் அந்தப் பகுதி இல்லை. நான் முதல்முறை படித்தது அந்தக் குறிப்புகளையே.

இரண்டாம் முறை, பணியில் வந்த 50 அலர்ட்டுகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் 'பயனருக்கு இப்போது என்ன கிடைக்கவில்லை?' என்று கேட்டு, கையாலேயே வகைப்படுத்தினேன். பெரும்பாலானவற்றுக்கு எழுத விடையே இருக்கவில்லை. வேறெதற்கும் நேரமில்லாவிட்டாலும் இதை மட்டும் செய்துவிடுங்கள்.

மற்றவை:
- 40 கேள்விகளுக்கு 60 நிமிடம் தாராளம்.
- 'எது அல்ல' என்று கேட்பவற்றை இருமுறை படியுங்கள்.
- காணொளிகள் எனக்கு ஒத்துவரவில்லை. புத்தகத்தை இருமுறை வாசித்தேன்.
- தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை, எதையும் விடாதீர்கள்.