பார்க் பாடம்: பிப்ரவரி நாட்குறிப்பு

பிப்ரவரி 3, திங்கள்

இன்னைக்கு ஃபர்ஸ்ட் இயர் பி.காமுக்கு இங்கிலீஷ்ல மூணாவது யூனிட் ஆரம்பிச்சேன். நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல ஒருத்தர் காலைல இருந்து சாயந்திரம் வரைக்கும் நடந்ததைப் பத்தின பயணக் கட்டுரை, நாலரைப் பக்கம். கிளாஸ்ல அறுபத்திரண்டு பேர், முக்காவாசி தமிழ் மீடியம், ஆத்தூர் வாழப்பாடி மேச்சேரின்னு தூரத்துல இருந்து பஸ்ல வர்ற பசங்க. முதல் பாராவை நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள பாதி பேர் பென்சிலை எடுத்து ஒவ்வொரு வார்த்தைக்கு மேலயும் மீனிங் எழுத ஆரம்பிச்சிட்டாங்க, மீதி பேர்கிட்ட கைடு இருக்கு. கைடுல அந்தக் கட்டுரை பன்னெண்டு வரில முடிஞ்சிடுது. யார் நடந்தாங்க, எங்க உக்காந்தாங்க, எதைப் பாத்து நின்னாங்க, ஒண்ணுமே அதுல இல்ல. எனக்கு அதைப் பாத்தா மனசு ஆறமாட்டேங்குது.

பார்க்கோட பரப்பு 843 ஏக்கர்னு போர்டுல எழுதினேன், யாரும் அசையல. அப்புறம் ஓமலூர் பக்கத்துல இருந்து வர்ற பையன் நோட்டுல ஏதோ வகுத்துப் பாத்துட்டு எழுந்தான். "மேம், எங்க காடு ஒன்றரை ஏக்கர்ங்க. அப்படின்னா எங்க காடு மாதிரி 562 காடு வருதுங்க." கிளாஸே திரும்பிப் பாத்துச்சு. சோளக்காடு நிலக்கடலைக்காடு வெச்சிருக்கற வீட்டுப் பசங்களுக்கு அந்த நிமிஷம்தான் பார்க் கண்ணுக்குத் தெரிஞ்சுது. ஊருக்கு நடுவுல அவ்ளோ நிலத்தை எதுவும் விதைக்காம எப்படி விட்டாங்கன்னு பின் பெஞ்ச்ல ஒரு குரல் கேட்டுச்சு.

பிப்ரவரி 4, செவ்வாய்

நடக்கற வார்த்தைகள் மட்டும். கட்டுரைல ஸ்ட்ரோல், வாண்டர், ராம்பிள் மூணும் வருது, கைடுல மூணுக்கும் "நடத்தல்"னு ஒரே அர்த்தம். நான் புத்தகத்தை மூடச் சொல்லிட்டு தமிழ்ல எத்தனை நடை இருக்குன்னு கேட்டேன். உலாத்தறது, சுத்தறது, திரியறது, அலையறது, காலாற நடக்கறதுன்னு வந்துட்டே இருந்துச்சு. அலையறதுக்கும் உலாத்தறதுக்கும் என்ன வித்தியாசம்னா, ஜாதி சர்டிஃபிகேட்டுக்கு அலையறோம் மேம், யாரும் உலாத்தறதில்லைன்னு ஒரு பொண்ணு சொன்னா. எவ்ளோ சரியான பதில். அப்ப ஸ்ட்ரோல்னா காலாற நடக்கறது, வாண்டர்னா சுத்தித் திரியறது, ராம்பிள்னா வளைஞ்சு வளைஞ்சு போற பாதைல போக்குக்குப் போறதுன்னு அவங்களே பிரிச்சாங்க. சென்ட்ரல் பார்க்ல ராம்பிள்னே பேர் வெச்ச ஒரு மரக்காட்டுப் பகுதி இருக்கு, பாதை நேரா போகவே போகாதுன்னு சொன்னேன், ஏற்காடு ரோடு மாதிரியான்னு கேட்டாங்க. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி தினம் காலேஜுக்கு வர்ற பொண்ணு ஒருத்தி இருக்கா, அவ மட்டும் சிரிக்கல. அந்த ரோட்டுல யாரும் உலாத்த முடியாது இல்லையா.

பிப்ரவரி 8, சனி

நடுவுல ரெண்டு நாள் இன்டர்னல், பாடம் நகரல. இன்னைக்கு வீட்ல உக்காந்து திங்கக்கிழமைக்குத் தயார் பண்ணேன். கட்டுரைல ஒரு வரி எனக்கு முள்ளு மாதிரி குத்திட்டே இருக்கு, நிலம் சுத்தம் செய்யப்பட்டது, பூங்கா உருவாக்கப்பட்டதுன்னு பாசிவ்ல, அதான் செய்யப்பாட்டு வினைல போற வரி. அந்தப் பார்க், ஓம்ஸ்டெட், வாக்ஸ்னு ரெண்டு பேர் 1858ல போட்டில ஜெயிச்ச டிசைன், ஏரி கூட மனுஷன் வெட்டினதுதான், இதெல்லாம் கட்டுரைல இருக்கு. அங்க முன்னாடி யார் குடியிருந்தாங்கன்னு இல்ல. செனக்கா வில்லேஜ்னு ஒரு ஊர் இருந்துச்சு. 1825ல கருப்பின மக்கள் சொந்தமா நிலம் வாங்கிக் கட்டின ஊர், வீடுங்க, மூணு சர்ச், ஒரு பள்ளிக்கூடம், சுமார் 225 பேர். அப்ப நியூயார்க்ல கருப்பின ஆம்பளைங்க ஓட்டுப் போடணும்னா 250 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்கணும், அதனால அந்த நிலம்தான் அவங்க ஓட்டு. 1857க்குள்ள எல்லாரையும் காலி பண்ணிட்டாங்க. பாசிவ் வாய்ஸை இதை வெச்சு நடத்தாம வேற எதை வெச்சு நடத்தறது.

பிப்ரவரி 10, திங்கள்

நல்ல நாள். செய்யப்பாட்டு வினையை நாம எங்க பாக்கறோம்னு கேட்டேன். மின்சாரம் நிறுத்தப்படும்ங்கற பேப்பர் அறிவிப்பு, அத்துமீறி நுழைபவர் தண்டிக்கப்படுவர்ங்கற போர்டு. வீட்ல யாராவது அப்படிப் பேசுவாங்களா? "சோறு வடிக்கப்பட்டது"ன்னு யாரும் சொல்றதில்ல, அம்மா வடிச்சாங்கம்போம், பேர் தெரியலைன்னாலும் "கட்டுனாங்க"ன்னு வினைலயே ஒரு ஆளு ஒட்டிட்டு இருப்பாரு. இங்கிலீஷ் பாசிவ்ல அந்த ஆளைச் சுத்தமா விட்டுடலாம். செனக்கா வில்லேஜ் கதையைச் சொல்லிட்டு கட்டுரையோட வரியை மறுபடி படிச்சேன். "யாருங்க மேம் சுத்தம் பண்ணது, யாரைப் பண்ணாங்க?" கிராமர் கிளாஸ்ல நான் இத்தனை வருஷமா காத்திருந்த கேள்வி அது.

நம்மூர் உதாரணமும் ஒண்ணு எழுதினேன். ஏற்காட்டுக்கு காப்பி கொண்டு வரப்பட்டது, 1820கள்ல சேலம் கலெக்டரா இருந்த எம்.டி. காக்பர்னால. இந்த வரில ஆளு இருக்காரு, பேரும் இருக்கு. காட்டை வெட்டி நாத்து நட்டவங்க எங்கன்னு ஏற்காட்டுப் பொண்ணு மெதுவா கேட்டா. இது வரைக்கும் கிளாஸ்ல அவ வாயே திறந்ததில்ல.

பிப்ரவரி 12, புதன்

அசைன்மென்ட்: உங்க பக்கத்துல இருக்கற பார்க்ல அரை மணி நேரம் சும்மா உக்காருங்க, பத்து வரி எழுதுங்க, பியூட்டிஃபுல்ங்கற வார்த்தை கூடாது.

பிப்ரவரி 17, திங்கள்

சாயந்திரம் ஒரு தட்டுவடை செட் வாங்கி வெச்சுட்டு திருத்த உக்காந்தேன். நாப்பது பேருக்கு மேல இயற்கை கடவுளின் பரிசுன்னுதான் ஆரம்பிச்சிருக்காங்க, எட்டாங்கிளாஸ்ல மனப்பாடம் பண்ண வரி, அவ்ளோ சுலபமா போகாது. ஆனா நடுவுல நடுவுல உண்மையான வரிங்க இருக்கு. உடைஞ்ச ஊஞ்சல்ல ஒரு பக்கச் சங்கிலியைப் புடிச்சு ஆடற குழந்தை, செருப்பைத் தலைக்கு வெச்சுத் தூங்கற பெயின்டர். டென்ஸ் தப்பு, ஆர்ட்டிகிள் தப்பு, பாத்தது தப்பில்ல.

ஏற்காட்டுப் பொண்ணு அண்ணா பூங்காவைப் பத்தி எழுதியிருக்கா. அவங்க அம்மா அங்க தினக்கூலி. மே மாச கோடை விழா மலர்க் கண்காட்சிக்கு இப்பவே தொட்டில நாத்து வெச்சுத் தண்ணி ஊத்தற வேலை. அவ எழுதினது இப்படி: "மை மதர் வாட்டர் த ஃப்ளவர்ஸ். பீப்பிள் டேக் போட்டோ வித் த ஃப்ளவர்ஸ். மை மதர் இஸ் நாட் இன் த போட்டோ." மூணாவது வரியைப் படிச்சிட்டு பேனாவைக் கீழ வெச்சுட்டேன். முதல் வரிக்கு மேல இன்னொரு வரி எழுதி அடிச்சிருந்துச்சு, பூக்களுக்குத் தண்ணி ஊத்தப்படுது என் அம்மாவாலன்னு முழு பாசிவ், கிராமர் கொஞ்சமும் தப்பில்ல.

பிப்ரவரி 18, செவ்வாய்

கூப்பிட்டுக் கேட்டேன், சரியா இருந்த வரியை ஏம்மா அடிச்ச?

"நீங்க நடத்துனது அதுதானேன்னு முதல்ல அப்படி எழுதுனேங்க மேம். ஆனா அதுல அம்மா கடைசில வர்றாங்க. அதான் மாத்திட்டேங்க."

வாட்டருக்குப் பின்னாடி ஒரு எஸ் மட்டும் போட்டேன், வேற எதுவும் தொடல.

நைட்டு ரெண்டாவது இன்டர்னல் கொஸ்டின் பேப்பர் டைப் பண்ணேன். வழக்கமா ஆக்டிவ்ல இருக்கற அஞ்சு வரியைக் குடுத்து பாசிவ்ல மாத்துகன்னு கேப்போம். நாலை அப்படியே விட்டுட்டேன், யூனிவர்சிட்டி பரீட்சைக்கு அது வேணும். அஞ்சாவதுல செயலையும் பொருளையும் ஆளையும் தனித்தனியா குடுத்து, யார் முன்னாடி வரணும்னு நீங்களே முடிவு பண்ணி வாக்கியம் எழுதுங்க, காரணத்தை ஒரு வரில தமிழ்ல சொன்னாலும் சரின்னு போட்டிருக்கேன். ரெண்டு மார்க்.