தங்கம் சூடாவது எளிது, நிரூபிப்பதுதான் வேலை

புற்றுக்கட்டிக்குள் தங்க நானோ துகள்களைச் சேர்த்து, வெளியிலிருந்து லேசர் அடித்து, கட்டியை மட்டும் சூட்டில் சாகடிப்பது. யோசனை இவ்வளவுதான். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் குழுவினர் தங்கம் பூசிய சிலிக்கா உருண்டைகளை வைத்து 2003-லேயே எலிகளில் செய்து காட்டிவிட்டார்கள். என் ஆராய்ச்சியில் என் பங்குக்கு வந்தது தங்க நானோ தண்டுகள், அதாவது குச்சி வடிவத் துகள்கள்.

தயாரிப்பைப் பார்க்கவே அழகாக இருக்கும். சிடிஏபி என்கிற சோப்பு வகைக் கரைசலில் தங்க உப்பைக் கலந்தால் ஆரஞ்சு மஞ்சள். அஸ்கார்பிக் அமிலம், அதாவது நம் வைட்டமின் சி, விட்டுக் குலுக்கினால் நிறம் மொத்தமும் போய்விடும். அப்புறம் முன்பே செய்துவைத்த தங்க விதைக் கரைசலில் (தண்டு வளரத் தொடங்கும் மிகச் சிறிய தங்கத் துகள்கள் உள்ளது) சில சொட்டு விட்டுக் காத்திருந்தால், பழுப்புச் சிவப்பு மெல்ல ஏறும். ஆய்வக ஏசி குளிரில் சிடிஏபி வெள்ளை வெள்ளையாக உறைந்துவிடும் என்பதால் குடுவை எப்போதும் வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில்தான். சில்வர் நைட்ரேட்டைக் கூட்டிக் குறைத்து, தண்டுகள் ஒளியை மிக அதிகமாக உறிஞ்சும் அலைநீளத்தை 800 நானோமீட்டர் பக்கம் கொண்டுவர வேண்டும். அந்த அலைநீளத்தை இரத்தமும் தண்ணீரும் அதிகம் விழுங்காது, சதைக்குள் ஓரளவு ஆழம் போகும்.

808 நானோமீட்டர் லேசரை வைத்ததும் கரைசல் விறுவிறுவென்று 50 டிகிரியைத் தாண்டியது. வெப்பநிலை வரைபடத்தைப் பார்த்த என் ஆய்வு வழிகாட்டி மேடம் கேட்ட முதல் கேள்வி: “வெறும் தண்ணி எவ்வளவு ஏறுச்சு?”

நியாயமான கேள்வி. தண்ணீரும் கொஞ்சம் சூடாகும். வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியின் முனை லேசர் கதிரில் பட்டால் அதுவே சூடாகிப் பொய் சொல்லும். முனையைக் கதிருக்கு வெளியே தள்ளி, அதே குவெட்டில் (கரைசல் வைக்கும் சின்னக் கண்ணாடிக் குப்பி) தண்ணீரையும் அளந்து, லேசரை அணைத்த பிறகு கரைசல் ஆறும் வேகத்தையும் பதிவுசெய்தால்தான் தங்கத்தின் பங்கைக் கணக்கிட முடியும்.

அடுத்து, ஆய்வகத்தில் வளர்த்த புற்றுச் செல்களில் சோதித்தபோது இன்னொரு சிக்கல். சிடிஏபி செல்களுக்கு விஷம். அது ஒட்டியிருந்தால் கொன்றது சூடா, சோப்பா என்றே தெரியாது. வேகமாகச் சுழற்றித் துகள்களைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜில் போட்டுக் கழுவ வேண்டும். ஆனால் அளவுக்கு மீறிக் கழுவினால் தண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் தங்கிவிடும், திரும்பக் கரையாது. இந்த வேலையிலேயே பொறுமையைச் சோதித்தது இதுதான். கடைசியில் பெக் (பாலிஎதிலீன் கிளைக்கால்) என்கிற பாலிமர் பூச்சு காப்பாற்றியது.

அப்புறம் செல் வளர்க்கும் தட்டில் நான்கு வகைக் குழிகள்: எதுவுமில்லாதது, லேசர் மட்டும், தங்கம் மட்டும், இரண்டும். கடைசி வகையில்தான் செல்கள் பெருவாரியாகச் செத்தன. மேடம் இந்தமுறை தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை, எலிச் சோதனைக்கான நெறிமுறைக் குழு விண்ணப்பத்தை எழுதச் சொல்லிவிட்டார்.