ஆன்ட்டியோட ப்ரூச்

ஜூன் 3, செவ்வாய்
சாயங்காலம் ஆஸ்பத்திரில கொஞ்ச நேரம் உள்ள விட்டாங்க. மாஸ்க்க நகத்திட்டு ஆன்ட்டி கேட்டது அந்த ப்ரூச்ச பத்திதான், துணியில குத்திக்கற கல்லு வெச்ச நக. "எங்க மம்மியோடதுதானான்னு நீ பாத்து சொல்லும்மா."

ஜூன் 4, புதன்
ராத்திரி டேபிள் லைட்டுக்கு கீழ வெச்சு பாத்தேன். செஞ்சவங்க பேரு இல்ல, முத்திரை இல்ல, நம்பர் இல்ல. ஆஸ்திரேலியாவுல பெர்த்லருந்து அவங்க அக்கா வாய்ஸ் மெசேஜ், "அது பர்மா பஜார்ல வாங்கினதும்மா, மம்மி போய் ரொம்ப வருஷம் கழிச்சு, அவளுக்கு எல்லாம் கலங்கி கெடக்கு"ன்னு. மம்மி போனது 1951. பேரு இல்லன்னா மட்டமான சரக்குன்னு எல்லாரும் எப்படி முடிவு பண்ணிடறாங்கன்னே தெரியல, செக் நாட்டு யாப்லோனெட்ஸ்ல, கப்லான்ஸ்னு பழைய பேரு, அங்க அந்தக் காலத்துல வீட்டுக்கு வீடு கண்ணாடிக் கல்லு வேலதான், நம்ம ஊருக்கு வளையலும் மணியும் அங்கருந்து கப்பல்ல வந்திருக்கு, அதுல எத்தனையோ சரக்குல எந்த பேரும் கெடையாது.

ஜூன் 5, வியாழன்
இன்னிக்கு பின்பக்கம். முன்னாடி இருக்கற அழகெல்லாம் யாரும் காப்பி அடிச்சிடலாம், ஊசியும் கொக்கியும்தான் எனக்கு முக்கியம். இதுல கொக்கி சும்மா வளைச்ச கம்பி, பூட்டே இல்ல, ஊசி முனை கொக்கிய தாண்டி வெளிய நீட்டிக்கிட்டிருக்கு. சுத்தி மூடற பூட்டு பரவலாகறதுக்கு முன்னாடி இப்படித்தான் வந்தது. ஆனா மலிவு சரக்குல இதே கொக்கி பின்னாடியும் ரொம்ப நாள் ஓடியிருக்கு, அதனால இது ஒண்ண மட்டும் வெச்சு சொல்லிட முடியாது. உடம்பு பித்தளை, வலை மாதிரி அச்சுல அடிச்சது, முலாம் ஓரத்துல போயிடுச்சு. 1920, 30கள்ல செக்லருந்து வந்ததுங்க இப்படித்தான் இருக்கும். சந்தோஷமா தூங்கினேன்.

ஜூன் 6, வெள்ளி
ஆன்ட்டிக்கு காய்ச்சல் எறங்கல.

ஜூன் 7, சனி
மொட்டை மாடியில வெயில்ல திருப்பினேன். ஒரு ஓரத்துக் கல்லுல, ரோட்டுத் தண்ணியில பெட்ரோல் சிந்தினா வருமே அந்த கலர். ஊதா, பச்சை, மஞ்சள். வயிறு கலங்கிடுச்சு. கல்லு மேல மெல்லிசா உலோகப் பூச்சு ஏத்தி வர்ற மினுமினுப்பு அது, ஸ்வரோவ்ஸ்கிங்கற கண்ணாடிக் கல்லு கம்பெனி, டியோர்ங்கற பாரிஸ் ஃபேஷன் கம்பெனிக்காக கொண்டு வந்தது, 1950கள் நடுவுல. 1951ல போனவங்க அந்தக் கல்ல பாத்திருக்கவே முடியாது. பெர்த்துக்கு எதுவும் அனுப்பல.

ஜூன் 8, ஞாயிறு
லூர்து மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்தினேன்.

ஜூன் 9, திங்கள்
தங்கசாலைத் தெருவுல கல்லு கட்டற பத்தர்கிட்ட லென்ஸ் வாங்கி ஒவ்வொரு கல்லா பாத்தேன், பின்னாடி கஸ்டமர் நிக்கறாங்க, அவர் ஒண்ணும் சொல்லல, நல்ல மனுஷன். கலர் அடிக்கற கல்லு மூணுதான்! மூணும் பசை வெச்சு ஒட்டினது, பசை பழுப்பா ஓரத்துல வழிஞ்சிருக்கு, அளவும் குழிய விட ஒரு நூல் சின்னது. மத்த கல்லு அத்தனையும் பல்லு மடக்கி புடிச்சது, ஒரு பல்லு கூட நிமித்தின தடம் இல்ல, அடியில இருக்கற வெள்ளிப் பூச்சு கறுத்து செத்துப் போயிருக்கு. கல்லு விழுந்து 1955க்கு அப்புறம் யாரோ ரிப்பேர் பண்ணியிருக்காங்க. நக பழசு. பத்தர் கிட்ட கழுவறேன்னு அமோனியாவுல போடவேணாம்னு கெஞ்சிட்டு வாங்கிட்டு வந்தேன், தண்ணி எறங்கினா மிச்சப் பூச்சும் போயிடும்.

ஜூன் 11, புதன்
ஆன்ட்டி காதுல சொன்னேன், "உங்க மம்மி காலத்து சரக்குதான் ஆன்ட்டி, கல்லு மூணு மட்டும் பின்னாடி மாத்தினது." "டாடி"ன்னாங்க. ரெண்டு தடவ. அதுக்கு மேல பேச விடல. டாடிதான் ரிப்பேருக்கு குடுத்தாரா, இல்ல வாங்கிக் குடுத்ததே அவரா? பழசுன்னு நக சொல்லும், யாரு குத்திக்கிட்டாங்கன்னு போட்டோதான் சொல்லணும். மம்மி கல்யாண ஆல்பம் பெர்த்லதான் இருக்கு. கேட்டேன், பின்பக்கம் எடுத்த போட்டோ எல்லாத்தையும் அனுப்பினேன், பசைய வட்டம் போட்டு.

ஜூன் 12, வியாழன்
காலையில பெர்த்லருந்து, "ஆல்பம் எங்கயோ பெட்டியில இருக்கு, ஞாயித்துக்கிழம தேடறேன்"னு. ஞாயிறு வரைக்கும்லாம் முடியாது ஆன்ட்டி, இன்னிக்கே தேடுங்கன்னு டைப் பண்ணிட்டிருக்கேன், நர்ஸ் கூப்பிடறாங்க