லஞ்ச வழக்கில் மூன்றாவது சாட்சி

பேப்பரில் வரும் செய்தி எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். ரசாயனம் தடவிய நோட்டு, மறைந்திருந்த போலீசார், கையும் களவுமாகக் கைது. போலீசையும் புகார் கொடுத்தவரையும் தவிர அங்கே இன்னும் இரண்டு பேர் இருந்திருப்பார்கள் என்பது செய்தியில் பெரும்பாலும் வராது. வேறு துறையிலிருந்து கூப்பிடப்பட்ட அரசு ஊழியர்கள் அவர்கள். அரசு சாட்சி என்பார்கள். 2019 ஆடியில், கார் சாகுபடி வேலை ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த இருவரில் ஒருவனாக நான் போக வேண்டி வந்தது. இதே போல அழைப்பு வந்து கையைப் பிசைந்துகொண்டிருப்பவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் விவசாயத்துறையில் இருந்தேன். எங்கள் அதிகாரி கூப்பிட்டு, "நாளைக்குக் காலைல லஞ்ச ஒழிப்பு ஆபீசுக்குப் போயிருங்க. யார்ட்டயும் மூச்சு விடாதீங்க" என்றார். யாரைப் பிடிக்கப் போகிறார்கள், எந்த ஊர் என்று அவருக்கும் தெரியாது. முன்பு இப்படிப் போய்வந்த ஒரு மூத்தவர், "ஒரு நாள் வேலைன்னு நினைக்காதீரும், ரிட்டயர் ஆனாலும் கோர்ட்டுல கூப்பிடுவான்" என்று எப்போதோ சொன்னது மட்டும் மனசில் ஓடியது. அவர் சொன்னதில் பொய் இல்லை.

லஞ்ச ஒழிப்புத்துறை என்று நாம் சொல்வதன் முழுப்பெயர் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்குநரகம். 1964-ல் தொடங்கியது. தலைமையிடம் சென்னை ஆலந்தூர். மாவட்டப் பிரிவுக்கு டி.எஸ்.பி. தலைவர், வழக்கை நடத்துபவர் பெரும்பாலும் இன்ஸ்பெக்டர். எங்களுக்கு வாய்த்தவர் ஒரு பெண் இன்ஸ்பெக்டர். அதட்டல் கிடையாது, ஆனால் ஒரு கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்பார்.

புகார் கொடுத்தவர் ஒரு விவசாயி. ஊர் பெயர் வேண்டாம், தாமிரபரணிப் பாசனம் என்பதோடு விட்டுவிடுகிறேன். இறந்துபோன அப்பா பெயரில் இருந்த பட்டாவை மாற்றக் கேட்டிருக்கிறார். பரிந்துரை செய்ய வி.ஏ.ஓ. நாலாயிரம் கேட்டாராம். நானாக இருந்தால் அத்தோடு கிளம்பியிருப்பேன். இன்ஸ்பெக்டர் கிளம்பவில்லை. எந்தத் தேதியில் மனு, மனு இன்னும் நிலுவையில்தான் இருக்கிறதா, வி.ஏ.ஓ.வோடு முன்பகை உண்டா, அவரிடம் கைமாற்று வாங்கியது உண்டா, நிலத் தீர்வை பாக்கி இருக்கிறதா, கேட்டபோது பக்கத்தில் யார் இருந்தார்கள்... அந்த மனிதர் நொந்துபோய், "என்னத்தான் சந்தேகப்படுதியளாம்மா?" என்று கேட்டுவிட்டார். "இன்னைக்கு நான் கேக்கலன்னா நாளைக்கு அவங்க வக்கீல் கேப்பார்" என்றார் இன்ஸ்பெக்டர். கைது நடக்கும் முன்பே அவர் குறுக்கு விசாரணையில் நின்றுகொண்டிருந்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது.

முதல் தகவல் அறிக்கையை எங்கள் இருவருக்கும் படிக்கக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். அடுத்து சோதனை விளக்கம். மண் பரிசோதனைக் கூடத்தில் பினாப்தலினைப் பார்த்தவன் என்பதால் அது காரத்தில் இளஞ்சிவப்பாகும் என்பது எனக்குப் புதிதில்லை. சோடியம் கார்பனேட் கரைத்த தண்ணீரில் என்னோடு வந்த சாட்சி முதலில் வெறும் விரலை நனைத்தார், ஒன்றும் ஆகவில்லை. பினாப்தலின் பவுடர் தடவிய நோட்டை எண்ணிவிட்டு நனைத்தார், சிவந்தது. அந்தத் தண்ணீரைக் கொட்டி, கைகளைக் கழுவி, நோட்டுகளின் எண்களை எழுதி, புகார்தாரரின் பையில் வேறு எதுவும் இல்லை என்று பார்த்து, நோட்டை அதில் வைத்தார்கள். பவுடரைத் தொட்ட காவலர் எங்களோடு வரவில்லை. இவ்வளவையும் எழுதுவதுதான் ஒப்படைப்பு மகஜர்.

எனக்குக் கொடுத்த வேலை புகார்தாரரோடு கூடப் போவது. இன்ஸ்பெக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "சார், தண்ணி சிவந்தா கை பட்டிருக்குன்னு மட்டும்தான் அர்த்தம். எதுக்காகப் பட்டுச்சுன்னு தண்ணி சொல்லாது. அவர் வாய்விட்டுக் கேக்கணும், அத நீங்க கேட்டிருக்கணும். கேக்காம இவர் பணத்த நீட்டிரக் கூடாது."

ஊழல் தடுப்புச் சட்டத்தின் உயிர்நிலை இதுதான். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-வது பிரிவில் வழக்கு நிற்க வேண்டுமானால் கேட்டதும் வாங்கியதும் இரண்டும் நிரூபணமாக வேண்டும். பையிலிருந்து நோட்டு எடுத்தது மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. விடுதலையான லஞ்ச வழக்குத் தீர்ப்புகளைப் பிறகு ஆசைக்குப் படித்தேன். பல வழக்குகள் சறுக்கியிருப்பது அங்கேதான்.

வி.ஏ.ஓ. அலுவலகத்தில் அவர் என்னைப் பார்த்து, "இது யாரு?" என்றார். "சித்தப்பா மவன்" என்றார் புகார்தாரர். "நீரு அங்கன இரும்" என்று என்னை வெளித் திண்ணைக்கு அனுப்பிவிட்டார். அடிவயிறு கலங்கியது. ஜன்னல் திறந்திருந்ததால் அதை ஒட்டி உட்கார்ந்தேன். உள்ளே மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மீறிக் கேட்டது: "என்னவே, சொன்னது கொண்டாந்தீரா?" "நாலும் இருக்கு சார்." வாங்கி எண்ணிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ரெண்டு நாள்ல முடிஞ்சிரும், போரும்" என்றார். புகார்தாரர் வெளியே வந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். அதுதான் சைகை.

பிடித்த காட்சியை விவரிப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. ஒரு மனிதர் கண்முன்னால் இடிந்துபோவதைப் பார்ப்பது யாருக்கும் சுகம் இல்லை. புதிதாகக் கரைத்த தண்ணீரில் வலது கை, இடது கை தனித்தனியாக; மாற்றுச் சட்டை கொடுத்துவிட்டுச் சட்டைப் பைக்குத் தனியாக. ஒவ்வொன்றும் பாட்டிலில் அடைத்து, அரக்கு முத்திரை வைத்து, எங்கள் கையெழுத்தோடு. நோட்டின் எண்கள் ஒத்துப்போயின. வி.ஏ.ஓ.விடம் விளக்கம் கேட்டபோது, "அது தீர்வைப் பணம்" என்றார்.

அதன் பிறகு அந்த அம்மா செய்த வேலைதான் எனக்கு ஆச்சரியம். உடனே தீர்வைக் கணக்கையும் ரசீதுப் புத்தகத்தையும் கைப்பற்றினார். அந்த விவசாயி பேரில் அந்த வருடம் பாக்கி எதுவும் இல்லை, ரசீதும் போடவில்லை. பட்டா மாறுதல் மனுவின் கோப்பையும் எடுத்துக்கொண்டார். பிறகு டேப் வைத்து, நான் உட்கார்ந்த இடத்துக்கும் மேசைக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து வரைபடம் போட்டார். ஜன்னல் திறந்திருந்தது, மின்விசிறி ஓடியது, எல்லாம் எழுதப்பட்டது. இவ்வளவு தேவையா என்று எனக்கு எரிச்சல், பசி வேறு.

அங்கே நடந்ததற்கான மகஜரை எழுதிய காவலர், "பணம் கொண்டாந்தீரா என்று கேட்டார்" என எழுதியிருந்தார். படித்துப் பார்த்துவிட்டு, அவர் 'சொன்னது' என்றுதான் கேட்டார் என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானே சார்" என்று காவலர் அலுத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் ஒரு நிமிடம் யோசித்தார். "அவர் கேட்டபடியே எழுதுங்க" என்றார். வழக்குக்கு இது பலவீனம் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். மகஜரை இதற்காகத்தான் வரி விடாமல் படிக்கச் சொல்கிறேன். எவ்வளவு நேரமானாலும் சரி, படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்தாக வேண்டும். எங்கள் காலத்தில் காகிதம்தான்.

பிறகு நீண்ட அமைதி. விசாரணையை முடித்தவர் வேறு ஒரு இன்ஸ்பெக்டர். கொரோனா வந்தது. வழக்குத் தொடர இசைவு தர வேண்டிய கோட்டாட்சியரிடம் கோப்பு போய் வந்தது. பணியிலிருந்து நீக்கும் அதிகாரம் உள்ளவர் இசைவு தராமல் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள முடியாது; 19-வது பிரிவு. 2018-ல் செய்த திருத்தம் இரண்டு வருடத்துக்குள் நீதிமன்ற விசாரணையை முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது. எங்கள் வழக்கு அந்தத் திருத்தத்தைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. 2023-ல்தான் பாளையங்கோட்டை நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்தது.

லஞ்ச வழக்கில் சாட்சிகளின் வரிசை பெரும்பாலும் ஒன்றுதான்: முதலில் இசைவு தந்த அதிகாரி, இரண்டாவது புகார்தாரர், மூன்றாவது கூடப்போன அரசு சாட்சி. புகார்தாரர் கூண்டில் ஏறி, பணம் கொடுத்தது உண்மை, அவர் கேட்டாரா என்று நினைவில்லை என்றார். முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னதால் பிறழ்சாட்சியாக அறிவித்தார்கள். எனக்கு அவர்மேல் பெரிய கோபம் இல்லை. ஊருக்குள் இருந்து பிழைக்க வேண்டியவர் அவர், சொந்தபந்தம் வழியாக என்னென்ன பேச்சு வந்ததோ.

முன்பாக இருந்தால் வழக்கு அங்கேயே படுத்திருக்கலாம். 2022 டிசம்பர் 15-ல் நீரஜ் தத்தா வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, புகார்தாரர் இறந்துபோனாலும் பிறழ்ந்தாலும் மற்ற சாட்சிகளையும் சூழ்நிலையையும் வைத்து லஞ்சம் கேட்டதை நிரூபிக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஆக மொத்தப் பாரமும் என் தலையில்.

எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். "மின்விசிறி சத்தத்தில் திண்ணையில் இருந்தவருக்கு எப்படிக் கேட்டது?" என்றார். தூரம் மகஜரில் இருந்தது, ஜன்னலும் இருந்தது. "சொன்னது என்றால் தீர்வைதானே?" அதற்குப் பதில் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. நான் கேட்ட சொல்லை மட்டும் சொன்னேன், அர்த்தம் சொல்லப் போகவில்லை. கடைசியில், போலீஸ் சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறேன் என்றார். "என்று சொன்னால் சரியல்ல" என்றேன். சாட்சியம் பதியும்போது கேட்டுக் கேட்டு அந்த வாசகம் நமக்கும் தொற்றிக்கொள்ளும். போலீஸ் சொல்லிக்கொடுத்திருந்தால் 'பணம்' என்றே இருந்திருக்குமே என்று அரசு வக்கீல் பிறகு வாதத்தில் எடுத்து வைத்தாராம்.

தண்டனை ஆனது. திருத்தத்துக்குப் பிந்தைய 7-வது பிரிவில் குறைந்தபட்சமே மூன்று வருடம், ஏழு வரை போகலாம். மேல்முறையீடு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இருக்கிறது.

புகார் கொடுக்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது ஒன்று உண்டு: கொடுத்தவனையும் உள்ளே போடுவார்களாமே? 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம்தான். ஆனால் கட்டாயத்தின்பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் போலீசிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட்டால் அவருக்குத் தண்டனை கிடையாது. முன்பே தெரிவித்துவிட்டு அவர்கள் சொற்படி கொடுப்பவருக்கும் பயம் இல்லை. கட்டணமில்லா எண் 1064. அந்த விவசாயியின் பட்டா, அடுத்து வந்த வி.ஏ.ஓ. காலத்திலேயே மாறிவிட்டது.