முதல் இரண்டு நாள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால், வடசென்னையில் மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளின் முதலுதவி அறை வாசலில் செருப்புகள் பெருகும். "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு சார், ஒரு மாத்திரை மட்டும் குடுங்க, ஷிப்ட்டை முடிச்சிட்டுப் போயிடறேன்." லீவு கேட்டு வருகிறவர்கள் குறைவு. ஏன் என்பதில்தான் இந்த ஃப்ளூ காய்ச்சலின் பாதிச் செலவு ஒளிந்திருக்கிறது.

நாட்டின் பல நகரங்களில் இன்ஃபுளூயன்சா என்கிற ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடு ஏறும். சென்னையில் அது ஏறுவது வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர், நவம்பரில். டெங்குவுக்கும் அதே மாதங்கள். முதல் நாள் காய்ச்சலைப் பார்த்து 'இது ஃப்ளூதான்' என்று யாரும் சத்தியம் பண்ண முடியாது. அதனால் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் பக்கமே போகக்கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு ஆபத்து. பாராசிட்டமால் போதும். அதிலும் கோளாறு வரும். வீட்டில் 650 மில்லிகிராம் ஒன்று, மெடிக்கலில் வாங்கிய சளி மாத்திரை ஒன்று, தெருமுனை டாக்டர் கொடுத்தது ஒன்று என்று மூன்று பெயரில் போட்டுக்கொள்வார்கள். மூன்று அட்டையையும் திருப்பிப் பார்த்தால் மூன்றிலும் பாராசிட்டமால் இருக்கும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சவரம்பு. குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு அதுவும் அதிகம்.

மூன்று நாள் அசித்ரோமைசின் கோர்ஸ் பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக், ஃப்ளூ வைரஸை ஒன்றும் செய்யாது. வைரஸுக்கான மருந்து ஓசெல்டமிவிர்: 75 மில்லிகிராம், தினம் இரு வேளை, ஐந்து நாள். டாக்டர் சீட்டு வேண்டும். காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். கர்ப்பிணிகள், 65 தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் காத்திருக்கவே கூடாது. நம் ஆட்களோ மூன்றாம் நாள்தான் டாக்டரிடம் வருவார்கள். மூச்சு வாங்கினாலோ, விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜன் பார்க்கும் ஆக்சிமீட்டர் 94 சதவீதத்துக்குக் கீழே காட்டினாலோ, விட்ட காய்ச்சல் திரும்ப அடித்தாலோ மாத்திரையோடு மல்லுக்கட்டாமல் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ஆண்டுதோறும் உலகில் 30 முதல் 50 லட்சம் பேருக்கு இது கடுமையாகிறது, 2.9 முதல் 6.5 லட்சம் பேர் வரை சாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நாலு நாள் படுத்து எழுந்தவர் அதில் எங்கும் வரமாட்டார். அவர் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாள் சம்பளம் 600 ரூபாய் என்றால் நாலு நாளில் போனது 2,400. ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கார்டு இருந்தால் நோய்க்காலப் பணம் சம்பளத்தில் 70 சதவீதம், அதாவது நாளுக்கு 420. ஆனால் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. பதினைந்து நாளுக்குள் மறுபடி படுத்தால்தான் அந்த விதி தளரும். ஆக, கைக்கு வருவது 840. கைவிட்டுப் போனது 1,560. பல இடங்களில் ஒரு நாள் வராவிட்டாலும் அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும். சிலர் இரண்டு நாள் வீட்டில் படுத்துவிட்டு மூன்றாம் நாள் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போவார்கள். சான்றிதழில் உள்ள தேதிதான் செல்லும் என்பதால் பணம் இல்லாத அந்த இரண்டு நாள் அன்றைக்குத்தான் தொடங்கும். முதல் நாளே போய்ச் சீட்டு வாங்க வேண்டும் என்று சொல்லி அலுத்துவிட்டது. ஈ.எஸ்.ஐ. கார்டே இல்லாமல் காசிமேட்டில் மீன் கூடை தூக்குகிறவருக்கு இந்த 840-ம் இல்லை.

கிருமி அதிகம் பரவுவதும் காய்ச்சலின் முதல் மூன்று நாலு நாளில்தான். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே தொடங்கி ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவும். பணம் தராத அந்த இரண்டு நாள் ஆளை வேலைக்குத் தள்ளுகிறது. மழைச்சாரலுக்காக ஜன்னலெல்லாம் அடைத்த கம்பெனி பஸ், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஊர்ந்து போகும் நேரம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். முதல் இரண்டு நாளைச் சம்பளத்தோடு கொடுத்துவிடுவது, ஒரு உற்பத்தி லைன் முழுக்க ஆளில்லாமல் ஓவர்டைம் கொடுப்பதைவிட மலிவு. கணக்குப் பிரிவுக்கு இது சுலபத்தில் ஏறாது. ஓவர்டைம் வேறொரு தலைப்பில் அல்லவா எழுதப்படுகிறது!

ஃப்ளூ தடுப்பூசி முகாமைக் கம்பெனிகள் பெரும்பாலும் நவம்பரில், பாதிப்பேர் படுத்த பிறகு வைப்பார்கள். ஊசி வேலை செய்யவே இரண்டு வாரம் ஆகும். செப்டம்பரில் போட்டுவிட வேண்டும். பெட்டியில் எந்த ஆண்டுக்கானது என்று பார்த்து வாங்க வேண்டும், போன சீசன் சரக்கு தள்ளுபடியில் வரும். வைத்திருக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரியில். இங்கே வெயிலுக்குப் பயந்து, ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே மருந்து கொண்டுவரும் பெட்டியில் அடுக்கிவிடுகிறார்கள். அதை ஒட்டி நிற்கும் மருந்து உறைந்துவிடும். உறைந்து உருகியது பார்க்க நல்லதாகவே இருக்கலாம், ஆனால் குப்பைக்குத்தான் போக வேண்டும். ஐஸ் பேக்கை வெளியே வைத்து, காதருகே குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே தண்ணீர் சளக்கென்றால் அடுக்கலாம்.

வெளியில் போட்டுக்கொண்டால் ஒரு ஊசி ஆயிரம் ரூபாயைத் தாண்டும். அதனால் முகாம் பட்டியலில் நிரந்தரத் தொழிலாளர் பெயர் மட்டும் இருக்கும். காண்ட்ராக்ட் ஆட்கள் அதே பஸ்ஸில், பக்கத்து சீட்டில் வருகிறார்கள்.