பிக் எண்ட் என்று எல்லோரும் சொன்ன தட்டல், மேக்னெட்டில் இருந்தது

என்னிடம் உள்ள 1974ஆம் ஆண்டு 350 புல்லட்டில் ஐடிலில் (திராட்டிலைத் திறக்காமல் எஞ்சின் ஓடும்போது) மட்டும் கேட்டுக்கொண்டிருந்த கனத்த தட்டல் சத்தம் முற்றிலும் நின்றுவிட்டது. பாளையங்கோட்டையிலும் மேலப்பாளையத்திலும் வண்டியைக் கேட்டுப் பார்த்த அனுபவசாலிகள் அனைவரும் பிக் எண்ட் புஷ் (கனெக்டிங் ராடின் கீழ்முனை கிராங்க்கில் சுழலும் இடத்து வளையம்) போய்விட்டது என்றும், கிராங்க்கை இறக்கி ஃப்ளைவீலைப் பிரித்தாக வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். ஹெட்டைக்கூடக் கழற்றாமல், இடது பக்கச் செயின் கேஸுக்குள்ளேயே, கிராங்க்கோடு சுற்றி மின்சாரம் உண்டாக்கும் காந்தமான மேக்னெட்டில், இந்த வேலை முடிந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு. இதே சத்தத்தோடு இன்னும் பல வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால், எந்த வழியாக அந்த இடத்தை வந்தடைந்தேன் என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

70 மில்லிமீட்டர் போரும் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்ட இந்த நீண்ட ஸ்ட்ரோக் எஞ்சினில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று காதை மட்டும் நம்பிச் சொல்லிவிட முடியாது. வார்ப்பிரும்பு பேரலும் அலுமினியக் கேஸும் ஒன்றோடொன்று இறுகி நிற்பதால், இடது பக்கம் எழும் தட்டல் வலது பக்க டைமிங் கவரிலும் அதே கனத்தோடு கேட்கிறது. ஆகவே சத்தத்தின் இடத்தைவிட, அது எப்போது வருகிறது, எப்போது மறைகிறது என்பதையே நான் முதலில் குறித்து வைத்தேன். காலையில் குளிர்ந்த எஞ்சினிலும் தட்டல் இருந்தது. தாழையூத்து வரை ஓட்டிச் சூடாக்கிய பிறகும் அதே அளவில் இருந்தது. திராட்டிலை லேசாகத் திறந்தால் மறைந்தது. மூன்றாம் கியரில் பாலத்தின் ஏற்றத்தில் இழுக்கும்போது, அதாவது பிக் எண்ட் கெட்டிருந்தால் மிகுதியாகக் கேட்க வேண்டிய நேரத்தில், ஒரு சிறு ஒலியும் இல்லை. மிதக்கும் புஷ் உள்ள பிக் எண்டில் தேய்மானம் இருந்தால், எண்ணெய் சூடேறி இளகும்போது தட்டல் கூட வேண்டும். இங்கே அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கிராங்க்கை இறக்கும் யோசனையை ஒத்திவைக்க இந்த ஒரு காரணமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

பிஸ்டன் ஸ்லாப் (தேய்ந்த பிஸ்டன் பேரல் சுவரில் அடிப்பது) என்றால் சூடேறியதும் அடங்கியிருக்க வேண்டும். டேப்பட் (வால்வைத் திறக்கும் பாகங்களின் இடைவெளி) என்றால் அவ்வளவு கனமாக இராது; இருந்தாலும் பிஸ்டன் கம்ப்ரஷன் மேல்முனையில் நிற்க, குளிர்ந்த எஞ்சினில், இரண்டு புஷ் ராடுகளும் விரலால் சுற்றவும் மேலும் கீழும் ஆடாமலும் இருப்பதைச் சரிபார்த்துக்கொண்டேன். ராக்கருக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் பேஞ்சோ போல்ட்டைச் சற்றுத் தளர்த்தியபோது எண்ணெய் நன்றாகக் கசிந்து வந்தது; ஆக, அந்தப் பக்கமும் குறையில்லை.

காது வைத்துக் கேட்கும் கருவியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நீண்ட ஸ்குரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பது நம் எல்லோருக்கும் பழக்கம்தான். ஆனால் அது ஒரு காதுக்கு மட்டுமே சத்தத்தைக் கொடுக்கிறது, மற்றொரு காதில் சைலன்சர் முழங்கிக்கொண்டே இருக்கிறது. ஹைகிரவுண்டில் மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு விற்கும் கடையில் மலிவான ஸ்டெதாஸ்கோப் ஒன்றை வாங்கி, மார்பில் வைக்கும் வட்டப் பகுதியை எடுத்துவிட்டு, அந்த ரப்பர் குழாயில் ஒரு சிறிய மூடிய பித்தளைக் கூட்டைப் பொருத்தி, அதன் அடிப்பகுதியில் ஒரு சாண் நீளமுள்ள மெல்லிய எஃகுக் கம்பியைப் பற்றவைத்தேன். கம்பியை நேராகக் குழாயில் செருகினால் ஒலி பெரும்பாலும் வீணாகிவிடும். கம்பியின் அதிர்வை ஒரு மெல்லிய தகடு வாங்கிக் காற்றுக்குக் கடத்தினால்தான் தெளிவு கிடைக்கும். கம்பி முனையை அரத்தால் கூர்மையாக்காமல் மழுங்கலாக விட்டிருக்கிறேன்; கூரான முனை போல்ட்டின் மேல் நடுங்கித் தானே ஒரு சத்தத்தை உண்டாக்குகிறது.

இந்தக் கருவியும் இடத்தைத் திட்டவட்டமாகக் காட்டவில்லை. செயின் கேஸின் நடு நட்டில் சற்றுக் கூர்மையாகக் கேட்டது, அவ்வளவுதான். ஆனால் அதன் குழாய்க்குள் கைப்பேசியின் ஒலிவாங்கியை வைத்துப் பதிவு செய்தபோதுதான் வழி பிறந்தது. பதிவைக் கால் வேகத்துக்குக் குறைத்துக் கேட்டால், சைலன்சரின் ஒவ்வொரு 'டப்'புக்கும் இரண்டு தட்டல்கள் தனித்தனியாகக் கேட்டன. ஒன்று கனமானது, மற்றொன்று மெலிதானது. அவற்றுக்கு இடைப்பட்ட நேரமும் சமமாக இல்லை. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிப்பு. ஒரு டேப்பட்டின் சத்தமும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வர வேண்டும். இங்கே வந்ததோ, வெடிப்பின்போது கிராங்க் திடீரென முன்னே பாயும் கணத்தில் ஒரு தட்டல், அடுத்த கம்ப்ரஷனில் கிராங்க் வேகம் தளரும் கணத்தில் ஒரு தட்டல். அதாவது, கிராங்க்கோடு சேர்ந்து சுற்ற வேண்டிய கனமான ஏதோ ஒரு பொருள் அதனோடு முழுமையாக ஒட்டாமல், கிராங்க் பாயும்போது பின்தங்கியும், கிராங்க் தளரும்போது முன்னே போய் மோதியும் கொண்டிருந்தது. ஐடிலில்தான் ஒற்றை சிலிண்டர் எஞ்சினின் சுழற்சி மிகவும் சீரற்றிருக்கும். வேகம் கூடினால் ஃப்ளைவீல் அதைச் சமன் செய்துவிடும். திராட்டிலைத் திறந்ததும் சத்தம் மறைந்ததன் காரணம் அதுவே. ஹெட்லைட்டைப் போட்டால் தட்டலின் தொனி சற்று மாறுவதையும் அப்போது கவனித்தேன். கிராங்க்கின் இடது முனையில் அப்படிக் கனமாக மாட்டியிருப்பது மேக்னெட்தான்.

ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் எடுத்து, நடு நட்டைக் கழற்றிச் செயின் கேஸைத் திறந்தேன். பிரைமரி செயின் மிக இறுகிய இடத்தில் கால் அங்குலம் ஆடியது, அதில் குறையில்லை. மேக்னெட் நட்டில் ஸ்பேனரை வைத்தால் அசையவே இல்லை. பலர் இந்த இடத்தில்தான் மூடியைத் திரும்பப் போட்டுவிட்டுக் கிராங்க் பக்கம் போகிறார்கள் என்று நினைக்கிறேன். நட் இறுகியிருக்கிறது என்பதற்கும் மேக்னெட் இறுகியிருக்கிறது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த வண்டி எனக்குக் கற்றுத் தந்தது. கையால் மேக்னெட்டைத் திருகிப் பார்த்தபோதும் ஆட்டம் தெரியவில்லை, ஏனெனில் அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் கம்பிச்சுருளான ஸ்டேட்டரின் இரும்புப் பற்கள் அதைக் காந்த விசையால் ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. ஸ்டேட்டரை அதன் ஸ்டட்களிலிருந்து உருவி எடுத்து, கியரில் போட்டுப் பின் சக்கரம் சுற்றாமல் ஒருவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு மீண்டும் திருகினேன். மிகச் சிறிய, ஆனால் தெளிவான 'டிக்' என்ற ஆட்டம் விரலில் பட்டது.

நட்டைக் கழற்றியபோது காரணம் விளங்கியது. முன்பு எப்போதோ வேலை பார்த்தவர் மேக்னெட்டுக்குப் பின்னால் வர வேண்டிய இடைவெளி வாஷரைப் போடாமல் விட்டிருக்கிறார். அதனால் நட் மேக்னெட்டை அழுத்துவதற்கு முன்பே ஷாஃப்ட்டின் திருகு முடியும் இடத்தில் போய் முட்டி நின்றிருக்கிறது. மேக்னெட்டின் சுமை முழுவதும் ஷாஃப்ட்டின் காடியிலும் மேக்னெட்டின் காடியிலும் பாதி பாதியாக உட்கார்ந்து இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் சிறிய சாவித் துண்டின் மேல் விழுந்து, சாவியின் இரு பக்கமும் நசுங்கி, மேக்னெட்டின் காடியும் ஒரு பக்கம் அகன்றிருந்தது.

ஆனாலும் இதுதான் ஒரே காரணம் என்று நிச்சயப்படுத்தாமல் புது மேக்னெட்டுக்குப் பணம் போட எனக்கு மனமில்லை. பாயிண்ட் இக்னிஷன் (இரு தொடுமுனைகள் திறக்கும்போது தீப்பொறி தரும் அமைப்பு) பேட்டரியிலேயே ஓடும் என்பதால், மேக்னெட்டும் ஸ்டேட்டரும் இல்லாமலும் எஞ்சினை ஓட்டிப் பார்க்கலாம். பிரைமரி செயினைச் சுற்றும் ஸ்பிராக்கெட் தன் இடத்தில் நிற்க மட்டும் மேக்னெட்டுக்குப் பதிலாக ஒரு குழாய்த் துண்டு வேண்டும். பேட்டையில் எனக்கு வழக்கமாக வேலை செய்துதரும் லேத் பட்டறை அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னதும், காணாமல்போன வாஷரின் கனத்தையும் கணக்கில் சேர்த்து, இரண்டு முகங்களும் சதுரமாக இருக்கும்படி ஒரு துண்டைக் கடைந்து கொடுத்தார். "இந்தக் கொழாயப் போட்டும் சத்தம் நிக்கலன்னா, கிராங்க்க நானே எறக்கித் தாரேன் தம்பி" என்றார். முழு சார்ஜ் ஏற்றிய பேட்டரியோடு கிக்கரை உதைத்தேன். ஐடிலில் தட்டல் இல்லை. சைலன்சரின் 'டப்'பும் டேப்பட்டின் மெல்லிய ஒலியும் மட்டுமே கேட்டன.

இனிச் சாவி. ஷாஃப்ட்டின் காடி கெடாமலும் மேக்னெட்டின் காடி சற்று அகன்றும் இருந்தால், மேக்னெட்டை மட்டும் மாற்றிப் புதுச் சாவி போட்டால் போதும். என் ஷாஃப்ட்டின் காடியும் ஓரளவு அகன்றிருந்ததால், கீழ்ப்பகுதி அகலமாகவும் மேல்பகுதி புது மேக்னெட்டின் காடிக்கு ஏற்ற அளவிலும் உள்ள படிச்சாவி ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தது. சாவியை எஃகுத் துண்டிலிருந்து அண்ணாச்சி தோராயமாக வெட்டிக் கொடுத்தார். மீதியைக் கையால் நான் அராவினேன். மார்க்கிங் நீலத்தைக் காடியில் பூசி, சாவியை வைத்து எடுத்து, நீலம் ஒட்டிய இடத்தை மட்டும் நுண்ணிய அரத்தால் ஒரு வீச்சு, மறுபடி நீலம், மறுபடி ஒரு வீச்சு என்று பொறுமையாகப் போக வேண்டிய வேலை இது. இரண்டு பக்கச் சுவர்களிலும் நீலம் முழுமையாகப் பதிய வேண்டும். மேல்முகத்தில் பதியவே கூடாது. மேல்முகம் இடித்தால் மேக்னெட் மையம் விலகிச் சாய்ந்து உட்காரும், பிறகு ஸ்டேட்டரில் உரசும். சாவி ஷாஃப்ட்டில் மரச் சுத்தியலின் மெல்லிய தட்டுக்கு உட்கார வேண்டும், விரலால் அழுத்தினால் உட்காரக் கூடாது. இந்த இறுக்கம் கிடைப்பதற்குள் சில துண்டுகளைக் குப்பையில் போட நேர்ந்தாலும் வருந்த வேண்டியதில்லை.

பழைய மேக்னெட்டின் காடியை வெல்டிங் செய்து நிரப்பலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அந்தச் சூட்டில் காந்த சக்தி போய்விடும் என்பதால் அதை ஏற்கவில்லை. புது மேக்னெட்டைச் சென்னை புதுப்பேட்டையிலிருந்து வரவழைத்தேன். அங்கே கிடைக்கும் பிரதிகளில் உள் துளையின் அளவு ஒன்றுக்கொன்று வேறுபடுகிறது. ஷாஃப்ட்டின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்து சொல்லி, துளையை அளந்து அனுப்பும்படி கேட்டு வாங்குவது நல்லது. பெட்டியைப் பிரித்ததும் பட்டறை மேசையில் வைத்துவிடாதீர்கள்; மேசையின் இரும்புத் தூள் முழுவதும் அதில் ஏறிவிடும், அதை ஒட்டு டேப்பால் ஒற்றி ஒற்றித்தான் எடுக்க முடியும். கேஸ்கெட் தாள், லாக் வாஷர் போன்றவை நெல்லையிலேயே கிடைத்துவிட்டன. இடைவெளி வாஷர் மட்டும் எங்கும் கிடைக்காமல், அதையும் அண்ணாச்சியே கடைந்து தந்தார்.

அடுத்ததாகப் பாயிண்ட்டைக் கவனிக்க எண்ணியிருக்கிறேன். இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்து, முழுதும் ரிட்டார்டு நிலையில் (தீப்பொறி மிகத் தாமதமாக விழும் நிலை) பிஸ்டனின் மேல்முனைக்கு 0.8 மில்லிமீட்டர் முன்பாகத் திறக்கும்படி டைமிங்கைப் புதிதாக அமைக்க வேண்டும். அதற்காக டயல் கேஜ் பொருத்த, பழைய ஸ்பார்க் பிளக்கின் உடலைக் குடைந்து ஒரு பிடிப்பானும் பேட்டையில் தயாராகிக்கொண்டிருக்கிறது. எக்ஸாஸ்ட் பக்க ராக்கர் புஷ்ஷில் லேசான ஆட்டம் இருப்பதும் தெரியும். தட்டல் போன பிறகு அந்த ஒலி தனியாகக் காதில் விழுகிறது. குற்றாலத்தில் சாரல் தொடங்குவதற்குள் அதையும் மாற்றிவிட விருப்பம்.

இப்போதைய நிலவரம் இதுதான். மேக்னெட்டும் ஸ்டேட்டரும் மாட்டி, 0.20 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் இரண்டுக்கும் இடையே சுற்றிலும் தடையின்றிப் போய்வருகிறதா என்று பார்த்து, நட்டைப் புது லாக் வாஷரோடு இறுக்கிச் செயின் கேஸை மூடியிருக்கிறேன். அம்மீட்டர் முள் சார்ஜ் பக்கம் நிதானமாக நிற்கிறது. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம் வரை ஒரு முறை ஓட்டிவிட்டு, மூடியைத் திரும்பத் திறந்து, ஸ்டேட்டரை உருவி, மேக்னெட்டைக் கையால் திருகிப் பார்க்க வேண்டியது பாக்கி இருக்கிறது.