நென்ட்ஹெட் ஈயச் சுரங்கங்கள்: இதுவரை

வட இங்கிலாந்தில் ஆல்ஸ்டன் ஊருக்குப் பக்கத்தில் நென்ட்ஹெட் என்று ஒரு மலைக் கிராமம். லண்டன் லெட் கம்பெனி தன் ஈயச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊர். வேலை நின்று பல காலம் ஆகிவிட்டது. பழைய சுரங்கங்களுக்குள் இறங்கிப் பார்க்கும் ஒரு கிளப்பின் ஆட்களோடு நான் அங்கே போய் வர ஆரம்பித்திருக்கிறேன், அதுவும் அனுமதி உள்ள சுரங்கங்களுக்கு மட்டும்.

சுரங்கம் என்றதும் எல்லோரும் கேட்பது கூரை இடிந்து விழாதா என்றுதான். விழும், சரி. ஆனால் எங்கள் கிளப்பின் பழைய ஆட்கள் கூரையைவிடத் தரையைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். அந்தக் காலத்தில் கீழே தோண்டி முடித்த பள்ளத்தின் குறுக்கே மரக்கட்டைகளை வைத்து, மேலே கழிவுக் கல்லைக் கொட்டிவிட்டுப் போயிருப்பார்கள். பார்த்தால் நல்ல தரை மாதிரியே இருக்கும். உள்ளே மரம் உளுத்துப் போயிருக்கும். முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிற இடம் இன்னும் மோசம், அடியில் குழி இருந்தாலும் தெரியாது. அதனால் கையில் ஒரு கம்பு, தட்டித் தட்டித்தான் நடை.

அப்புறம் காற்று. உளுக்கும் மரமும் துருப்பிடிக்கும் தாதுவும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். இதற்கு நாற்றமும் கிடையாது, நிறமும் கிடையாது. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், என் மீட்டர் 19.5-ல் அலறும். அலறும்வரை நான் காத்திருப்பதில்லை. ஒரு முட்டுச் சந்தில் 20.1 காட்டியது, திரும்பிவிட்டோம். மெழுகுவர்த்தியை நம்பலாமே என்று ஒருவர் கேட்டார். அது அணைவதே 16, 17 சதவீதத்தில்தான். அதற்குள் நம் புத்தி மங்கத் தொடங்கியிருக்கும். தேங்கிய சேற்றைக் கலக்கினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பலாம். முதலில் அழுகிய முட்டை வாடை வரும். அளவு ஏறினால் மூக்கே மரத்துவிடும், வாடை போய்விட்டது என்று நிம்மதியாக நிற்போம்.

ஸ்மால்கிளஃப் சுரங்கம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. குதிரை வண்டி போக வெட்டிய பாதை, கல் வளைவு, காலடியில் ஐஸ் போலத் தண்ணீர். உள்ளே சுண்ணாம்புக்கல்லில் ஈயம் படுக்கையாகப் பரவியிருந்த இடங்களைக் குடைந்து எடுத்ததில் பெரிய பெரிய அறைகள் உருவாகியிருக்கின்றன. அதில் ஒன்றுக்கு பால்ரூம், அதாவது நடனக்கூடம், என்றே பெயர். 1901-ல் உள்ளூர் ஃப்ரீமேசன் சங்கத்தார் அங்கே உட்கார்ந்து விருந்து சாப்பிட்டிருக்கிறார்கள். கோட்டு சூட்டோடு எப்படித்தான் வந்தார்களோ! நாங்கள் வெட்சூட் சாக்ஸ் (தண்ணீரில் குளிர் தாங்கப் போடும் தடித்த சாக்ஸ்) போட்டும் கால் விறைத்துத்தான் போய்ச் சேர்ந்தோம்.

விளக்கு ஆளுக்கு மூன்று: ஹெல்மெட்டில் ஒன்று, பையில் இரண்டு. பழைய வெடிமருந்துப் பெட்டியோ, வெடியைக் கிளப்பும் டெட்டனேட்டரோ கண்ணில் பட்டால் தொடுவதில்லை, டைனமைட் நாளாக நாளாக, சின்ன அதிர்வுக்கே வெடிக்கக்கூடிய நைட்ரோகிளிசரினைக் கசியவிடும்.

எந்தச் சுரங்கம், எந்தப் பாதை, எத்தனை மணிக்கு வெளியே என்பதெல்லாம் கிளம்பும்போதே வீட்டில் எழுதி வைத்துவிடுவேன். அந்த நேரம் தாண்டியும் ஃபோன் வராவிட்டால் மனைவி 999-ஐ அழைத்து, போலீஸைக் கேட்டு, குகை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். "நாலு மணின்னா நாலு மணி, நாலே காலுக்கு நான் ஃபோனை எடுத்துடுவேன்" என்று அவள் சொன்ன பிறகு, வெளியே வந்து சிக்னல் கிடைக்கும் இடம்வரை போகவும் சேர்த்து ஒரு மணி நேரம் கூட்டியே எழுதுகிறேன்.

கோலார் தங்கவயலில் இப்படி இறங்கலாமா என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். வேண்டாம். 2001-ல் மூடிய பிறகு அந்த ஆழமெல்லாம் தண்ணீர்.

இப்போது கயிற்றுப் பயிற்சி நடக்கிறது, ஒரு மரத்தில். இறங்குவது வந்துவிட்டது. பாதிக் கயிற்றில் தொங்கியபடி ஏறுவதற்கு மாறுவதுதான் இன்னும் தடுமாற்றம். அது கைக்கு வரும்வரை செங்குத்துக் குழிகள் பக்கம் போவதாக இல்லை.